களை என்று பெயரிட்டவர் யார்?



விடியும் முன்பே என் புலனத்தில் பத்துப் பதினைந்து மலர்கள் வந்து விழுந்துவிடுகின்றன. ரோஜா, தாமரை, துலிப். இதழில் பனித்துளி, பின்னால் மங்கலான பச்சை, நடுவில் 'காலை வணக்கம்'. அனுப்புவோரில் பாதிப்பேர் என்னைப் போன்ற ஆசிரியர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஈஜோக்கில் குடியிருந்துகொண்டு, ஈஜோக் மண்ணில் தானாகப் பூக்கும் ஒரு பூவையேனும் நாம் படமெடுத்ததுண்டா?

நான் எடுக்க முயன்றேன். அதன் முடிவைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், காட்சிக்கலைப் பாடத்திற்காக நான்காம் ஆண்டு மாணவர்களை வேலியோரம் அழைத்துச் சென்றேன். அங்கே கானாம்வாழை நீலமாகப் பூத்திருந்தது. வெள்ளை அட்டை, அளவுகோல், ஒரு கைப்பேசி. இவ்வளவே எங்கள் கருவிகள். முதல் வாரம் இலையும் பூவும் முடிந்தன. காயும் விதையும் பின்னர் எடுப்பதாகத் திட்டம். அதற்குள், வருகையாளர் வருகிறார், வளாகம் துப்புரவாக இருக்கவேண்டும் என்று களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். வேலியோரம் காய்ந்து வைக்கோலாயிற்று. அதன்மேல் கடையில் வாங்கிய பூந்தொட்டிகள் அணிவகுத்தன. அளவுகோலோடு வந்து நின்ற மாணவியிடம் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

"களைதானே! மறுபடி முளைக்கும்" என்றார் உடன் பணியாற்றிய நண்பர்.

களை என்று பெயரிட்டவர் யார்? தாவரவியலில் களை என்றொரு குடும்பம் இல்லை. உழவன் தன் வயலில் களை பறிப்பது முறைதான். அவனுக்குப் பயிர் இருக்கிறது. பள்ளி வேலியோரம் நாம் என்ன பயிர் விளைவிக்கிறோம்? தோட்டத்துக் கிராணியின் கணக்கேட்டுச் சொல்லை, தோட்டத்தைவிட்டு வெளியேறிய பின்னும் நாம் சுமந்து திரிகிறோம்.

என் அன்னை தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர். பாராகுவாட் என்னும் நஞ்சை இந்நாடு முற்றாகத் தடை செய்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். அதற்குள் எத்தனை தாய்மாரின் நகங்கள் கறுத்து உதிர்ந்தன என்பதை நம் லயங்கள் அறியும். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகச் சுமந்த பம்பை, படித்துப் பதவிக்கு வந்த நாம் அழகுக்காக இன்னொருவர் முதுகில் ஏற்றலாமா?

"காட்டுப் பூவைப் படமெடுப்பதெல்லாம் கலையா?" என்று கேட்போரும் உண்டு. கார்ல் புளோஸ்ஃபெல்ட் பெர்லினில் கலை கற்பித்த ஆசிரியர். கடையில் விற்கும் மலர்களை விடுத்து, சாலையோரத்திலும் இரயில் பாதையோரத்திலும் கிடைத்த செடிகளைப் பறித்துவந்தார். தாமே அமைத்த கேமராவால் அவற்றைப் பன்மடங்கு பெருக்கிப் படமெடுத்தார். எல்லாம் மாணவர்களுக்கு வடிவம் கற்பிப்பதற்காகவே! 1928-இல் அப்படங்கள் நூலாக வந்தபோது கலையுலகம் வியந்தது. அன்று அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.

நமக்கும் முன்னோர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில், ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்கள் செடிகளை வரைந்தனர். முழுச் செடியைத் தீட்டியதோடு, பூவின் உறுப்புகளையும் பிரித்து வரைந்து காட்டினர். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயரிட்டார். அத்தகைய ஓவியர் பலரின் பெயர்கள் ஏட்டில் ஏறாமலே போயின.

அவர்களின் தூரிகை செய்ததை இன்று கைப்பேசி செய்யலாம். ஆனால், பூவை மட்டும் அண்மையில் எடுத்துப் பின்னணியை மங்கலாக்கினால் போதாது. கானாம்வாழையையே பாருங்கள். காலையில் விரியும் அதன் நீலப்பூ ஒரே நாளில் வாடிவிடும். அச்செடி மண்ணுக்கடியிலும் பூக்கிறது! விரியாத அப்பூக்கள் தம்முள்ளேயே கருவுற்று விதை தருகின்றன. மேலே தெரியும் அழகை மட்டும் எடுத்தவன் அச்செடியில் பாதியைக்கூட அறியான். வேர், தண்டு, இலையின் இருபுறம், பூ, காய், விதை, அருகில் ஓர் அளவுகோல், கீழே நாளும் இடமும் பெயரும். இவை சேர்ந்தால்தான் அது தாவரக் கலை. மற்றவை வாழ்த்து அட்டை.

படத்தின் கீழே உண்மையையும் எழுதவேண்டும். தொட்டாற்சிணுங்கி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் இந்நாட்டுக் காடுகளில் தானாக முளைத்ததன்று. 'வந்தேறி' என்ற சொல்லின் காயம் அறிந்த நாம் எச்செடியையும் அச்சொல்லால் பழிக்கமாட்டோம். ஆயினும், செம்பருத்தியையே ஆண்டுதோறும் வரையும் நம் பிள்ளைகள், இம்மண்ணில் இயல்பாக வளரும் செண்டுடுக்கை ஒருமுறையேனும் வரையவேண்டாமா? அதன் கனியைத் தின்று வாய் கறுத்த தலைமுறை நாம். அதன் அறிவியற்பெயரான மெலாஸ்டோமா என்பதற்கே 'கருவாய்' என்றுதான் பொருள்.

பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஊர்ப்பெயர் மாறினால் பெயர்ப்பலகை சொல்லும். செடியின் பெயர் மறைந்தால் யார் சொல்வார்? கானாம்வாழையைக் கீரையாகக் கடைந்த பாட்டிமார் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கினார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பள்ளி வாசலில் பூத்திருக்கும் ஒன்பதின் பெயர் நமக்குத் தெரியுமா?

தலைமையாசிரியர்களே, வேலியோரம் ஒரு பாத்தி நிலத்தை மருந்தடிக்காமல் விடுங்கள். ஆசிரிய நண்பர்களே, ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு ஒரு செடி கொடுங்கள். அதன் பெயரைப் பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். தமிழ், மலாய், அறிவியல் என மூன்று பெயர்களோடு சட்டமிட்டு மண்டபத்தில் மாட்டுங்கள். அங்கே தொங்கும் துலிப் படத்தைக் கழற்றினால் இடம் கிடைக்கும்.

நாளைக் காலை எனக்கு வாழ்த்து அனுப்புவோர், உங்கள் வீட்டுக் கால்வாயோரம் பூத்ததை அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டாலும் தாழ்வில்லை. சேர்ந்து தேடுவோம்.