தேங்காய் எண்ணெய்: தலைக்கு ஓகே, தட்டுக்கு எவ்வளவு?

வியாசர்பாடியில் ஒரு மளிகைக் கடைக்குப் போய் "தேங்கா எண்ணெய் கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் தலைக்குத் தேய்க்கும் டப்பாதான் கைக்கு வரும். அதே டப்பா கேரளாவில் அடுப்படியில் இருக்கும். அப்படியானால் இது ஹேர் ஆயிலா, சமையல் எண்ணெயா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் அக்ரோ நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 2018-ல் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2024 டிசம்பர் 18-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது: சின்ன பாக்கெட்டில் விற்பதாலேயே அது ஹேர் ஆயில் ஆகிவிடாது, லேபிளில் கூந்தலுக்கானது என்று இல்லாவிட்டால் அது சமையல் எண்ணெய்தான். அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5%, ஹேர் ஆயிலுக்கு 18%. 2025 செப்டம்பர் 22 முதல் ஹேர் ஆயிலுக்கும் 5% ஆனதால், அந்த வித்தியாசமும் போய்விட்டது.

சாப்பிடலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டியது மருத்துவம்.

பிரச்சினை எங்கே?

தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் இது ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20 சதவீதத்துக்குள்தான். இந்தக் கொழுப்பு அதிகமானால், ரத்தத்தில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். அது ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, மாரடைப்புக்கு வழி செய்யும்.

2020-ல் 'சர்குலேஷன்' இதழில் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் வெளியானது. சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய் எல்டிஎல்-ஐ சுமார் 10 மி.கி. உயர்த்தியது. நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல்-உம் 4 மி.கி. ஏறியது. ஆனால் ஹெச்டிஎல் ஏறினால் மாரடைப்பு குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கேரளாவில் தினமும் சாப்பிடுகிறார்களே?

நியாயமான கேள்வி. கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் இதய நோய்க்கான சிகிச்சையில் இருந்தவர்கள். மாத்திரை போடாத ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

'இது எம்சிடி எண்ணெய், எடை குறையும்' என்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு வாதம். எம்சிடி ஆய்வுகளில் பயன்படுத்துவது தனியாகப் பிரித்தெடுத்த எண்ணெய். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி உடலுக்குள் மற்ற கொழுப்பு போகும் வழியில்தான் போகிறது. செக்கில் ஆட்டினாலும், 'வெர்ஜின்' என்று எழுதியிருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பின் அளவு மாறாது.

அப்படியானால் கணக்கு என்ன?

ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே 11 கிராமுக்கு மேல் வந்துவிடும். இரண்டு கரண்டி ஊற்றினால் அன்றைய கோட்டா காலி. பால், முட்டை, கறி, சாயங்கால பஜ்ஜி எல்லாம் அதற்கு மேல்தான்.

ரேஷனில் கொடுத்தால்?

ரேஷன் கடையில் இப்போது ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்பது தென்னை விவசாயிகளின் பல ஆண்டுக் கோரிக்கை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் கேட்பவர்களும் உண்டு.

நாலு பேர் வீட்டில் மாதம் ஒரு லிட்டர் என்றால், தலைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்கூட வராது. அதில் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயில் என்றால் மூணு, நாலு கிராம். தேங்காய் எண்ணெய் என்றால் ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு லிட்டர் மட்டும் யாரையும் நோயாளி ஆக்காது. ஆனால் அரசு மானியம் கொடுத்து ஒரு எண்ணெயை மாற்றுவதென்றால், விவசாயிக்கு விலையும் கிடைக்க வேண்டும், சாப்பிடுபவரின் இதயமும் தாங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும்தான் வாதம் வலுவாக இருக்கிறது. அவையும் நம்ம ஊர் விவசாயி விளைவிப்பதுதான்.

தலைக்கும் தோலுக்கும்?

இங்கே தேங்காய் எண்ணெய்க்கு நல்ல பெயர் உண்டு. முடியிலிருந்து புரதம் இழப்பதை இது குறைக்கிறது என்று 2003-ல் ஒரு ஆய்வு காட்டியது. அதைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு என்பதையும் நினைவில் வையுங்கள். வறண்ட சருமத்துக்கு நல்ல ஈரப்பதம் தரும். முடி கொட்டுவதை நிறுத்தும், வழுக்கையில் முளைக்க வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கவனிக்க வேண்டியவை:

• பொடுகு அதிகம் இருந்தால் எண்ணெயை ஊற வைக்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு.

• முகப்பரு இருந்தால் முகத்தில் வேண்டாம். துவாரம் அடைக்கும்.

• தீக்காயம் பட்டவுடன் எண்ணெய் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

• குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

அவியலுக்கு ஒரு கரண்டி, தாளிக்கக் கொஞ்சம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. தினசரி மொத்த சமையலுக்கும் இதையே ஊற்ற வேண்டாம். விலை ஏறியிருக்கும் நேரத்தில் ரொம்ப மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கலப்படத்துக்காக 2018-ல் கேரள அரசு பல பிராண்டுகளைத் தடை செய்தது.

வயது 30 தாண்டியிருந்தாலோ, வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர், மாரடைப்பு வந்திருந்தாலோ ஒருமுறை கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த எண்ணெய் நமக்குச் சரி என்பதை வாட்ஸ்அப் ஃபார்வர்டைவிட அந்த ரிப்போர்ட் தெளிவாகச் சொல்லும்.