விலையுயர்ந்த கைபேசி நோயாளிக்குத் தேவையா?

இதயப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நாளில், உணவு, நடைப்பயிற்சி, மாத்திரைகள் பற்றிய ஐயங்கள் தீர்ந்த பிறகு, பிள்ளைகள் சிறிது தயங்கி இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "அப்பாவுக்கு நல்ல போன் ஒன்று வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம் டாக்டர், எதை வாங்கலாம்?" காணொளியில் மருத்துவரைப் பார்ப்பதும் பரிசோதனை முடிவுகளைப் பெறுவதும் இன்று கைபேசி வழியாகவே நடப்பதால், இதை நான் வீண் கேள்வியாகக் கருதுவதில்லை. ஆனால் அன்பு மிகுதியால் கடையில் இருப்பதிலேயே விலை கூடிய ஆண்ட்ராய்டு கைபேசியைப் பலர் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 2025 ஜனவரியில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவின் தொடக்க விலை இந்தியாவில் ₹1,29,999. அதற்குச் சில மாதங்கள் முன்பு அதே நிறுவனம் வெளியிட்ட ஏ16 5ஜியின் தொடக்க விலை ₹18,999. இரண்டிலும் பேட்டரியின் கொள்ளளவு ஒன்றே: 5,000 எம்ஏஎச். திரை ஒன்றில் 6.9 அங்குலம், மற்றதில் 6.7. எஸ்25 அல்ட்ராவின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் சில்லு மிக வேகமானதுதான். ஆனால் அந்த வேகம் கனமான விளையாட்டுகளுக்கும் காணொளித் தொகுப்புக்கும் உரியது. மருந்து நினைவூட்டலும் வாட்ஸ்அப் அழைப்பும் எந்தச் சில்லையும் திணறடிப்பதில்லை.

நான் முதலில் கேட்கச் சொல்வது பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் வரும் என்பதையே. முதியவர்கள் கைபேசியை எளிதில் மாற்றுவதில்லை. வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முன்பு இதில் விலை கூடியவற்றுக்கே பெரிய முன்னிலை இருந்தது. இப்போது எஸ்25 வரிசைக்கு ஏழு ஆண்டுகள், ஏ16க்கு ஆறு ஆண்டுகள் என உறுதி அளிக்கப்படுகிறது. எல்லா மலிவுக் கைபேசிகளும் இப்படியல்ல. ஆகவே பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

விலை கூடினால் உடல்நிலையை அளக்கும் கருவிகளும் கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நடந்தது வேறு. 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5இன் பின்புறத்தில் நாடித்துடிப்பைக் காணும் உணரி இருந்தது. 2020இல் வந்த எஸ்20இல் அது இல்லை. இரத்த அழுத்தத்தையோ எந்தக் கைபேசியும் தானாக நம்பத்தக்கபடி அளந்து தருவதில்லை. கேமராவில் விரலை வைத்தால் அழுத்தத்தைச் சொல்லும் செயலிகளை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். புஜத்தில் கட்டி அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. முதலில் அதை வாங்குங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறுவைக் காயத்தைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்பும்போது கேமராவின் தரம் முக்கியம். கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காக்கும் வசதி எஸ்25 அல்ட்ராவில் உண்டு, ஏ16இல் இல்லை. தனியே வாழ்பவருக்கு அது உண்மையான பயன். ஆயினும் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய கைபேசிகள் பலவற்றிலேயே அது வந்துவிட்டது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு டேப்லெட் வாங்கலாம். (மருந்தகத்தில் கேட்டுவிடாதீர்கள்!) பெரிய எழுத்தில் மருந்துச் சீட்டை வாசிக்கவும், காணொளியில் மருத்துவர் முகத்தைத் தெளிவாகக் காணவும் அதுவே ஏற்றது. இங்கும் உச்ச விலை வேண்டாம். ₹1,08,999 விலையில் அறிமுகமான டேப் எஸ்10 அல்ட்ரா 14.6 அங்குலத் திரையும் 718 கிராம் எடையும் கொண்டது. நெஞ்சைப் பிளந்து அறுவை செய்துகொண்டவர் அதை ஏந்திப் பிடிப்பது கடினம். 10.9 அங்குலத் திரையுள்ள எஸ்10 எஃப்இ அரைக் கிலோவுக்குள் அடங்கும். அறிமுக விலை ₹42,999. ஏ16ஐயும் இதையும் சேர்த்து வாங்கினாலும் எஸ்25 அல்ட்ராவின் விலையில் பாதியைத் தாண்டாது.

பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பின்போது மின்னதிர்ச்சி தரும் ஐசிடி கருவியோ பொருத்தப்பட்டவர்கள் காந்தத்தையும் கவனிக்க வேண்டும். டேப்லெட்டில் பேனா ஒட்டும் இடத்திலும் மேலுறையிலும் காந்தங்கள் உண்டு. எஸ்25 வரிசைக்கான சில உறைகளில் காந்த வளையம் இருக்கிறது. கூகுள் பிக்சல் 10இல் அது கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. வலுவான காந்தம் மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர் நோயாளியின் சொந்தத் துடிப்பைக் கவனியாமல் ஒரே சீராகத் துடிப்பூட்டத் தொடங்கலாம்; ஐசிடி, தேவையான நேரத்தில் அதிர்ச்சி தராமல் போகலாம். காந்தத்தை விலக்கியதும் பொதுவாகப் பழைய நிலை திரும்பும். 6 அங்குலம், அதாவது சுமார் 15 செ.மீ. தள்ளி வையுங்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அறிவுறுத்தியது.

நம் ஆண்கள் கைபேசியை வைப்பதோ இடப்பக்கச் சட்டைப் பையில். கருவியைப் பெரும்பாலும் நாங்கள் பொருத்துவதும் இடத் தோள் எலும்புக்குக் கீழேதான். இனி அது கால்சட்டைப் பைக்கோ கைப்பைக்கோ போகட்டும். கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசுங்கள். படுத்தபடி டேப்லெட்டை மார்பின் மேல் சாய்த்துப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டியதில்லை; அடுத்த முறை பேஸ்மேக்கர் பரிசோதனைக்கு வரும்போது உறையோடு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.