கிடைக்காவிட்டால் என்ன?

“தேடியது கிடைக்காவிட்டால் உழைப்பு வீண்தானே?” பெரிய எண்களுக்குக் காரணி தேடுவதைப் பற்றிச் சொன்னபோது, ஓமலூர்ப் பக்கம் கிணறு வெட்டும் என் தந்தையார் இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடை தெரியாமல் விழித்தேன்.

பதினொரு இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 2047. இத்தகையவையே மெர்சென் எண்கள். 2047-இன் காரணிகள் 23, 89. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவது 21 இலக்க எண். அதன் காரணிகளை 1903-இல் ஃபிராங்க் கோல் கையாலேயே கணக்கிட்டுக் காட்டினார்.

1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டு முயற்சியில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தத்தம் கணிப்பொறியின் ஓய்வு நேரத்தை இத்தேடலுக்கு ஈகின்றனர். காரணி கிடைத்தால், அவ்வெண் பகா எண்ணா என்னும் நீண்ட சோதனை மிச்சம். கிடைக்காவிட்டாலும் ‘இந்த எல்லை வரை இல்லை’ என்று பதிவாகிறது. அடுத்தவர் அங்கிருந்து தொடங்குகிறார். இம்முயற்சியில்தான் 2024-இல் நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண் கிடைத்தது.

பட்டம் கேட்காத இப்பணியில் நம் ஆய்வகக் கணிப்பொறிகளும் சேர வேண்டும் என்பது என் கருத்து. மின்செலவு ஆகுமே என்பீர்கள். வாரத்தில் ஒரு மாலை போதுமே!

அப்பா, ‘இங்கே ஊற்று இல்லை’ என்று நீங்கள் சொல்லிச் சென்ற இடத்தில் மற்றவர் மீண்டும் தோண்டுவதில்லை. அதுவும் உழைப்பின் பயன் அன்றோ?