வயிற்றைக் கட்டினால் நாடு வளருமா?

"தொழிலாளி விட்டுக்கொடுத்தான், ஜெர்மனி வளர்ந்தது!" இந்தப் பாட்டை முதலாளிமாரும் அவர்களுக்குத் தாளம் போடும் நிபுணர்களும் வெகு நாளாகப் பாடி வருகிறார்கள். பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கும் பாட்டு இது. விழுங்கிய பாதியை நாம் சொல்கிறோம்.

2003 மார்ச்சில் ஜெர்மன் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் 'திட்டம் 2010' என்னும் சீர்திருத்தத்தை அறிவித்தார். தொழிலாளர் ஓட்டில் வளர்ந்த சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் அவர்! நெடுநாள் வேலையற்றவர்களுக்குப் பழைய சம்பளத்தையொட்டிக் கிடைத்துவந்த உதவிப்பணம் 2005 ஜனவரியில் ஒழிந்தது. மேற்கே தனி ஆளுக்கு, வாடகை நீங்கலாக, மாதம் 345 யூரோ. காட்டிய வேலையை மறுத்தால் அதிலும் வெட்டு!

2005 தொடக்கத்தில் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த வேலையற்றோர் தொகை, 2019இல் சுமார் 23 லட்சமாகக் குறைந்தது. நாம் இதை மறுக்கவில்லை. ஆனால் எப்படிப்பட்ட வேலை? உழைப்பவர் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் குறைந்த சம்பளக்காரர் ஆனார். ஐரோப்பாவிலேயே சிறந்த குறைந்த சம்பளத் துறைகளுள் ஒன்றை அமைத்துவிட்டோம் என்று 2005இல் டாவோஸ் மாநாட்டில் ஷ்ரோடரே பெருமை பேசினார். இதுவா பெருமை?

வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால் அது கள்ளக்கணக்கு என்பது கிராணிமாருக்குத் தெரியாதா?

இன்னும் கேளுங்கள். 2009இல் உலக நெருக்கடி வந்தது. ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. ஆயினும் வேலையற்றோர் தொகை அதிகம் ஏறவில்லை. ஏன்? ஆட்குறைப்புக்குப் பதிலாக வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஈடுகட்டியது. ஷ்ரோடருக்கு வெகு காலம் முந்திய ஏற்பாடு இது. தொழிற்சங்கங்கள் தோள்கொடுத்து நடத்திய ஏற்பாடு!

2015 ஜனவரியில் மணிக்கு 8.50 யூரோ என்று குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கானோர் வேலை இழப்பர் என்று நிபுணர்கள் பலர் பயமுறுத்தினார்கள். அப்படி நடந்ததா? இல்லை! 2022 அக்டோபரில் அது 12 யூரோவாகவும் உயர்ந்தது.

பட்டையை ஆழமாகக் கீறினால் சில நாள் பால் கூடும். பிறகு மரமே பாழாகும். கத்தி பிடித்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தோழர்களே! இனி எவராவது ஜெர்மனியைக் காட்டி "விட்டுக்கொடு" என்றால், ஒரே கேள்வி கேளுங்கள்: வளர்ந்த பங்கில் உழைத்தவன் பங்கு எங்கே? அதற்குப் பதில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!