நாய் தூக்கியதா? தாய் கொன்றாளா?

1980-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி இரவு, ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையிலுள்ள உலூரு பாறைக்கருகில், கூடாரத்தில் தூங்கிய அசாரியா என்னும் ஒன்பது வாரப் பெண் குழந்தை காணாமற் போயிற்று. டிங்கோ என்னும் காட்டுநாய் கவ்விப் போய்விட்டதென்று தாயாகிய லிண்டி சேம்பர்லேன் அம்மையார் அப்போதே கதறினார். இந்த ஒரு சொல் உண்மையா பொய்யா என்று முடிவாகத் தீர்மானிக்க அந்தத் தேசத்துக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று. படிப்பும் பத்திரிகையும் விஞ்ஞானசாலையும் இல்லாத தேசமா அது? எல்லாம் இருந்தன. இருந்தவைகளே இந்த வினையைச் செய்தன என்கின்றோம்.

தாய் தகப்பன்மார் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு என்னும் சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தகப்பனார் அதில் பாதிரி. போதாதா? 'நரபலி' என்று வதந்தி புறப்பட்டது. அசாரியா என்றால் வனாந்தரத்தில் பலி என்று அர்த்தமாம்! எபிரேய பாஷையில் அதற்குக் கடவுள் உதவினார் என்பதே அர்த்தம். (உதவிய லட்சணத்தை வாசகர்களே பார்த்துக் கொள்ளட்டும்.) குழந்தைக்குக் கறுப்புச் சட்டை போட்டாளாம், டெலிவிஷனில் போதிய அளவு அழவில்லையாம். அழுகையைப் படி வைத்து அளந்து கொலைகாரியைக் கண்டுபிடிக்கும் இந்த வித்தைக்கும், வெற்றிலையில் மை போட்டுத் திருடனைக் காட்டும் வித்தைக்கும் என்ன வித்தியாசம்? அம்மதத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பெரிய மதக்காரர்கள் சிறிய மதக்காரர்களைப் பார்த்து மூடநம்பிக்கைக்காரர்கள் என்றதுதான் வேடிக்கை.

1981-ல் முதல் மரண விசாரணை அதிகாரி டிங்கோதான் காரணமென்று சொல்லி, வதந்திக்காரர்களையும் கண்டித்தார். அந்தத் தீர்ப்பு தள்ளப்பட்டது. 1982-ல் டார்வின் நகரக் கோர்ட்டில் அம்மையாருக்கு ஆயுள் தண்டனை! சிறையிலிருக்கையில் பெற்ற பெண் குழந்தையையும் அவரிடமிருந்து பிரித்தார்கள்.

என்ன சாக்ஷியத்தின் பேரில்? மோட்டார் காரில் சிசுவின் ரத்தம் பீறிட்டிருப்பதாக நிபுணர்கள் சொன்னார்கள். பின்னால் பார்த்தால், அது சத்தத்தை அடக்கத் தொழிற்சாலையிலேயே அடித்த பூச்சு! சாமியாடி சொன்னால் சிரிக்கிறவர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் கைகட்டி நின்றார்கள். எப்படிச் சோதித்தீர், எதை வைத்துச் சொல்கிறீர் என்று விடாமல் கேட்பதல்லவோ பகுத்தறிவு?

நிற்க, சாக்ஷியம் வேறிடத்தில் கிடந்தது. தடம் பார்ப்பதில் கைதேர்ந்த அவ்விடத்துப் பூர்வகுடிகள், டிங்கோ எதையோ சுமந்து சென்ற தடத்தை மணலில் கண்டார்கள். டிங்கோக்களால் ஆபத்து உண்டென்று வனக்காவல் தலைவர் சம்பவத்துக்கு முன்பே மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தார். கோர்ட்டில் இவையெல்லாம் எடுபடவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மணலை வாசித்தவன் படிக்காதவன். மணலையே காணாமல் சீமையில் உட்கார்ந்து துணியைப் பார்த்தவர் நிபுணர்!

1986 பிப்ரவரியில் குழந்தையின் மேற்சட்டை பாறையடியில் டிங்கோக்கள் நடமாடுமிடத்தில் அகப்பட்டது. அதுவும் பாறையிலிருந்து விழுந்து செத்த ஒரு பிரயாணியைத் தேடுகையில் தற்செயலாய்! அந்தச் சட்டையே இல்லையென்று வாதித்த சர்க்கார் தரப்பு என்ன சொல்லும்? அம்மையார் சில நாளில் விடுதலையானார். 1988-ல் தண்டனை ரத்தாயிற்று. 2001-ல் வேறொரு தீவில் ஒன்பது வயதுச் சிறுவனை டிங்கோக்கள் கொன்றன. 2012-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி நான்காவது மரண விசாரணையில்தான் டிங்கோ என்ற சொல் சர்க்கார் தஸ்தாவேஜில் ஏறிற்று. தாயார் முதல் இரவில் சொன்னதும் அதே சொல்தான்.