கறுப்பு மருதாணி எந்த வேலியிலும் முளைப்பதில்லை

“மூலிகைப் பவுடர்தானே, செடியிலிருந்து வருவதுதானே, ஒன்றும் செய்யாது.” சேலம், நாமக்கல் பக்கம் நரை விழுந்தவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சர்வசாதாரணம். டை என்றால் பயப்படுகிறவர்களே, பச்சை இலைப் படம் போட்ட பாக்கெட்டைப் பார்த்தால் நம்பிவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் தண்ணீரில் குழைத்துத் தலையில் அப்பி, அரை மணியில் அலசினால் முடி மை போலக் கறுத்துவிடுகிறது. பொய்யைக் காட்டிக்கொடுப்பது அந்த அரை மணிதான்.

மருதாணி இலையில் உள்ள சாயப்பொருளின் பெயர் லாசோன். அது தருவது செம்மஞ்சள் நிறம். எத்தனை மணி நேரம் ஊறினாலும் நரையைச் செம்பட்டையாக்குமே தவிரக் கறுப்பாக்காது. கறுப்பு வேண்டுமானால் அவுரி வேண்டும். திண்டிவனம் பகுதியில் நீலச் சாயத்துக்காக இன்றும் பயிராகும் அதே செடிதான். முதலில் மருதாணி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து அலச வேண்டும். பிறகு அவுரி இலைப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, கால் மணிக்குள் தலையில் ஏற்றிவிட வேண்டும். காற்றுப் பட்டால்தான் அதில் நீலம் பிறக்கும். தாமதித்தால் சாயம் கிண்ணத்திலேயே தீர்ந்துபோகும். அதையும் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். முழு நிறம் ஏற மேலும் ஒரு நாளாவது ஆகும். இவ்வளவு பாடுபட்டுப் போட்டுக்கொள்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

நெல்லிப்பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் கறுக்கிறதே என்று கேட்பார்கள். அது நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறை. நரையைச் சற்று மங்கவைக்கும், அவ்வளவுதான். கரிசலாங்கண்ணியிலும் செம்பருத்தியிலும் நரை மேல் நிலைத்து நிற்கும் கறுப்புச் சாயம் கிடையாது.

அப்படியானால் அரை மணியில் கறுக்கவைப்பது எது? பாரா-ஃபினைலீன்டைஆமீன், சுருக்கமாக பி.பி.டி. எந்த டைக்குப் பயந்து மூலிகைக்கு வந்தார்களோ, அந்த டையில் இருக்கும் அதே பொருள். மருதாணிப் பொடியோடு இதையும், இதைக் கறுக்கவைக்க பேரியம் பெராக்சைடு போன்ற ஒன்றையும் கலந்துவிட்டால் ‘கறுப்பு மருதாணி’ தயார்.

இந்த ஏமாற்று நமக்குப் புதிதல்ல. கோவையிலிருந்து சேலம் வரை வாசல் தெளிக்க வாங்கும் சாணிப் பவுடரில் சாணி ஏது? மஞ்சள் பவுடர் ஆரமின், பச்சைப் பவுடர் மாலகைட் கிரீன். இரண்டும் செயற்கைச் சாயம், உள்ளே போனால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப்பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சாயம் இலையிலிருந்துதான் வரும் என்ற நம்பிக்கை எப்படி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

பி.பி.டி. ஒவ்வாதவர்களுக்குப் போட்ட ஒன்றிரண்டு நாளில் காதோரமும் நெற்றியும் அரிக்கும், கண்ணிமை வீங்கும், தலைத்தோலில் நீர் வடியும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. “பத்து வருசமாப் போடுறேன், ஒன்னும் ஆகலையே” என்பது வாதமே அல்ல. பல ஆண்டுகள் தாங்கிய உடம்பு திடீரென்று ஒரு நாள் மறுக்கும். ஒரு முறை மறுத்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறுக்கும். சில துணிச் சாயங்களும், சில மரப்பு மருந்துகளும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனக்கு அதிகம் கோபமூட்டுவது இதற்குப் பின் நடப்பது. மருத்துவர் கேட்டால், “டையெல்லாம் அடிக்கிறதில்லைங்க, மூலிகைதான்” என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை நம்பினால், நோய்க்குக் காரணமான பொருள் விசாரணையிலிருந்தே தப்பிவிடுகிறது. அரித்த முகம் கறுத்துப்போனால், அதற்கும் வெயில் மேல்தான் பழி விழுகிறது.

உண்மையான இலைப்பொடியும் எல்லோருக்கும் பொருந்தும் என்பதில்லை. ஜி6பி.டி. நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மருதாணி பூசினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். இயற்கை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது.

பி.பி.டி. போன்ற சாயம் கலந்த டை பாக்கெட்டில் எச்சரிக்கையும், தோலில் சோதித்துப் பார்க்கும் முறையும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று இந்திய விதிகள் சொல்கின்றன. குழைத்த பவுடரைக் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ துளி தடவி, 24 மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறது அந்த முறை. சேர்மானம் அச்சிடாத பாக்கெட்டை, யார் விற்றாலும், வாங்காதீர்கள். அச்சிட்டிருந்தால், பொடி எழுத்தில் பி.பி.டி. இருக்கிறதா என்று வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு முறை அரித்திருந்தால், மிச்சமிருக்கும் பவுடரை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.