புறவன்தட்டு வாங்கச் செல்வோர்க்கு

பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தல் இந்நாளிற் பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அதிலுள்ளவற்றைக் காத்தற்பொருட்டுப் புறவன்தட்டு ஒன்றும் உடன் வாங்கவேண்டும் என்று பெற்றோர் சிலர் எண்ணத் தலைப்பட்டிருப்பது மகிழ்ச்சி தருவதாகும். கடைக்காரர் ‘எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்’ என்று எடுத்து வைப்பது அதுவே. எத்தகையதை வாங்குவது என்னும் வினாவுக்கு விடை கூறுமுன், அது எதற்காக என்பதைத் தெளிந்துகொள்ளல் நன்று.

மடிக்கணினியில் உள்ளது அங்கேயே இருக்க, அதன் படியொன்று பிறிதோரிடத்தும் இருப்பதே காப்புப் பிரதி. நம் பிள்ளைகளுட் பலர் செய்வதோ வேறு. கணினியில் இடம் போதாதவிடத்துப் படங்களையும் கட்டுரைகளையும் புறவன்தட்டுக்கு ஏற்றிவிட்டுக் கணினியிலிருந்து அழித்துவிடுகின்றனர். இது பிரதி செய்தலன்று, குடிபெயர்த்தல். முன்னும் ஒன்றே, பின்னும் ஒன்றே.

நாம் அறிந்த மாணவி ஒருவர், முதுமாணிப் பட்ட ஆய்வுக்கென ஈராண்டு ஊரூராகச் சென்று முதியோர் பேச்சுக்களை ஒலிப்பதிவு செய்தார். அவை யாவற்றையும் ஒரே தட்டிற் குடிபெயர்த்து வைத்திருந்தார். கணினியோடு இணைத்திருந்த நிலையில் அத்தட்டு மேசையினின்றும் விழுந்தது. உயரம் இரண்டு முழந்தான். மீட்டெடுத்துத் தருவோர் கேட்ட கூலி தட்டின் விலையைப் பன்மடங்கு விஞ்சியது. அதற்கும் உறுதி கூறுவாரில்லை. மீண்டும் சென்று பதிவு செய்யலாமெனின், பேசிய முதியோருள் இருவர் அதற்கிடையிற் காலமாகிவிட்டனர்.

இரண்டு முழ வீழ்ச்சி இத்துணை கேடு செய்வானேன்? தட்டினுள்ளே கண்ணாடிபோற் பளபளக்கும் வட்டங்கள், எடுத்துச் செல்லும் வகையிற் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை, சுழல்கின்றன. எழுதும் முனை அவற்றைத் தொடாது, தலைமயிரின் பருமனிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயான இடைவெளியில் மிதக்கின்றது. ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்தால் முனை வட்டத்தை உராய்ந்துவிடும்.

அவ்வாறாயின் சுழலும் பாகமேயில்லாத எஸ்.எஸ்.டி. வகையை வாங்கலாகாதோ என்பீர்கள். அது அதிர்ச்சியைத் தாங்கும், விரைவும் உடையது. ஆனால் ஒரே கொள்ளளவுக்கு விலை கூடியது. அன்றியும், அது தகவலை மின்னேற்றமாகப் பிடித்து வைப்பது. ஆண்டுக்கணக்கில் மின்னிணைப்பின்றி அலுமாரியிற் கிடப்பின் அவ்வேற்றம் மெல்லக் கசியவுங் கூடும். நாள்தோறும் பஸ்ஸில் எடுத்துச் செல்வோர்க்கு எஸ்.எஸ்.டி. தக்கது. வீட்டில் வைத்து வாரத்துக்கொருமுறை மாத்திரம் எடுக்கும் பிரதிக்குச் சுழலும் தட்டே போதும் என்பது எமது கருத்து. அலுமாரியில் உறங்கும் பொருளுக்கு வேகம் எதற்கு?

கொள்ளளவு, மடிக்கணினியினதைப்போல் இரு மடங்காவது இருத்தல் வேண்டும். 512 ஜிகாபைற் உடைய கணினிக்கு 1 ரெராபைற் தட்டு. இன்றைய கட்டுரையோடு சென்ற மாதத்து வடிவமும் இருந்தாலன்றோ, தவறுதலாக அழித்த அத்தியாயத்தை மீட்கலாம்! 1 ரெராபைற் என்று வாங்கியது விண்டோஸ் கணினியில் 931 எனத் தோன்றுவது கண்டு கடைக்காரரோடு பூசலிட வேண்டா. தயாரிப்பாளர் ஆயிரத்தாற் பெருக்குகின்றார், விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கின்றது, அவ்வளவே. 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டில் 24 அங்குல வட்டங்கள் ஐம்பது இருந்தன. கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிரண்டுக்குமேல் அதில் அடங்கா!

அற்ப விலைக்கு 16 ரெராபைற் என்று இணையத்தில் விற்கப்படுவனவற்றை ஏறெடுத்தும் பாராதிருத்தல் நலம். உள்ளே சிறியதோர் நினைவகத்தை வைத்து, கணினிக்குப் பெரிய எண்ணைக் காட்டும்படி செய்திருப்பர். நிரம்பியபின் எழுதுவதெல்லாம் பாழ். கோப்பின் பெயர் மட்டும் தெரியும்.

இரண்டரை அங்குலத் தட்டுக்கு மின்சாரம் மடிக்கணினியிலிருந்தே யூ.எஸ்.பி. வடத்தின் வழியாகச் செல்லும். மூன்றரை அங்குலப் பெரிய வகைக்குச் சுவரிலிருந்து தனி இணைப்பு வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்த நம் நாட்டார்க்கு எது உகந்தது என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. வடத்தின் முனை உங்கள் கணினிக்குப் பொருந்துமோ என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொள்க. வீட்டில் விண்டோஸும் அப்பிளும் கலந்திருப்பின் ‘எக்ஸ்பற்’ என்னும் அமைப்பில் தட்டை ஒழுங்குசெய்வித்தால் இரண்டிலும் எழுதலாம். விண்டோஸின் வழக்கமான ‘என்.ரி.எவ்.எஸ்.’ அமைப்பை அப்பிள் கணினி படிக்கும். ஆனால் தன்னியல்பாக அதில் எழுதாது.

பிரதி எடுத்தபின் தட்டைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. 2017 மே மாதத்தில் ‘வனாகிறை’ என்னும் தீநிரல் பல நாடுகளிற் பரவிக் கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இத்தகையன கணினியில் மட்டுமன்றி, அவ்வேளை இணைந்திருக்கும் தட்டுக்களிலும் புகும். கழற்றி வைத்ததைத் தொட வல்லன அல்ல.

கழற்றியதை எங்கே வைப்பது? கணினிப் பையினுள்ளேயே வைப்பாரும் உளர். திருடனுக்கு அவர் செய்யும் உபகாரம் பெரிது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிற் கரையோரக் குடும்பங்கள் பல, இறந்தோரின் ஒரு படந்தானும் எஞ்சாது நின்றன. ஆதலின் இயலுமாயின் தட்டு இரண்டு வாங்கி, ஒன்றை வேற்றூரிலுள்ள பெரியம்மா வீட்டிலோ மாமா வீட்டிலோ வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செல்லும்போது மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகையாக இராமை நன்று.

தட்டு நிலையானதென்று எண்ணற்க. செல்லரித்துப்போகும் தறுவாயிலிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு முன்னும், ஏடுகளைக் காலந்தோறும் பெயர்த்தெழுதியோர் இருந்தமையாலேயே நூல்கள் எஞ்சின. ஐந்தாறு ஆண்டு கழிந்த தட்டிலுள்ளதைப் புதியதற்குப் பெயர்த்தல் அத்தொழிலின் தொடர்ச்சிதான். கூர்ந்த கண்ணும் எழுத்தாணியும் வேண்டா, ஓரிரு மணித்தியாலம் போதும். ஆண்டுக்கிருமுறையேனும் பிரதியிலுள்ள கோப்புச் சிலவற்றை வேறு கணினியில் இணைத்துத் திறந்தும் பாருங்கள்.

கடவுச்சொல்லிட்டுத் தட்டைப் பூட்டி வைப்பது அந்தரங்கத்துக்கு நல்லது. ஆனால் அச்சொல் மறந்தால் தயாரித்தவராலுந் திறத்தல் இயலாது. அதைத் தாளில் எழுதி, தட்டோடன்றி, அம்மாவின் நகைப்பெட்டியில் வைத்துவிடுக.